மூஞ்சிக்கு எத்தனை மார்க்கு?

ஏலே பேராண்டி, அழகுக்குப் பகடை உருட்டுதியாமே? மூணு பகடையைக் குலுக்கிப் போட்டு, விழுந்த புள்ளியைக் கூட்டி, இவனுக்கு அழகு பதினேழு, அவளுக்கு அழகு ஆறுன்னு தாள்ல எழுதிக்கிடுததாம். அப்புறம் ஆயுசுக்கும் அந்த ஆளு மூஞ்சி அந்த எண்ணுதானாம். தாயம் விழலன்னா காய் உள்ள இறங்காதுன்னு எனக்குத் தெரியும். தாயம் விழலன்னா மூக்கு சப்பையாப் போயிரும்கது எனக்குப் புதுசுடே. லீவுக்கு ஊருக்கு வந்த பிள்ளைக கோமதியம்மனைக் கும்பிட்டமா, புத்துமண்ணை நெத்தியில பூசுனமா, பிரியாணியைத் தின்னுட்டுப் படுத்தமான்னு இருக்கும். நீ என்னன்னா நாலு சேக்காளிகளைச் சேத்து வச்சுக்கிட்டு பட்டாசாலையில ஆளுக்கொரு பாத்திரமா மாறிக் கதையாடுத ஆட்டம்; அதுல எல்ஃபுங்க, ஆர்க்குங்க, சூனியக்காரிங்க. அதுலயும் அழகுக்கு என்ன சட்டம் வைக்கதுன்னு விடிய விடியச் சண்டை. பக்கத்து வீட்டுக்காரன் காலையில வந்து, "அண்ணாச்சி, உங்க வீட்டுல என்ன பாகப்பிரிவினையா?"ன்னு கேக்கான்.

இந்த விசயத்துக்குச் சங்கரன்கோவில் வட்டாரத்துல என்னைய விட்டா வேற யாருகிட்டடே நியாயம் கேப்ப? தாத்தன் பாத்த சோலி என்ன? கல்யாணத் தரகு. ராஜபாளையத்துக்கும் கடையநல்லூருக்கும் நடுவுல ஓடுத பஸ்ஸுல எந்த சீட்டுக்கு ஆணி துருத்தும்னு எனக்குத் தெரியும். மஞ்சப்பைக்குள்ள ஒரு பக்கம் பொண்ணு போட்டோ, மறுபக்கம் மாப்பிள்ளை போட்டோ, நடுவுல ஜாதகம். நீங்க பகடையில தேடுததை நான் பஸ்ஸுல தேடுனேன். அதனாலதான் உன் பொஸ்தகங்களை ஒண்ணொண்ணா வாசிச்சுத் தமிழ்ல சொல்லச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டாச்சு. இனிமே நான் சொல்லுதேன், நீ கேளு. தூங்காம கேளு.

முதல்ல இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்ச மனுசங்களைப் பத்தி. 1974-ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேரு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'னு மூணு சின்னப் பொஸ்தகமாப் போட்டாங்க. அதுல கைகாக்ஸ் அதுக்கு முன்னால இன்சூரன்ஸ் ஆபீசுல இருந்தவரு, செருப்பும் தச்சவருன்னு சொன்னியே, அங்கனயே எனக்கு அவரு மேல மரியாதை வந்துட்டு. ஆளு எத்தனை நாள் தாங்குவான்னு கணக்குப் போட்டவரு, ஆளோட காலையும் பாத்தவரு. மனுசனை எடை போட வேற என்ன படிப்பு வேணும்? அவரு ஒரு ஆளுக்கு ஆறு குணம் வச்சாரு. பலம், புத்தி, விவேகம், உடம்புத் தாக்கு, கைவேகம், கடைசியில கரிஸ்மா. மூணுல இருந்து பதினெட்டு வரைக்கும் எண்ணு. இந்தக் கரிஸ்மா கூடுனா கூலிக்கு வார ஆளு கூடுவான், விட்டு ஓடாமயும் நிப்பான். இது நியாயம். நம்ம ஊருலயும் களையெடுக்க ஆளு கிடைக்கணும்னா காசு பாதி, கூப்பிடுதவன் வாய் பாதி.

அந்தப் பொஸ்தகத்துல இன்னொண்ணு எழுதியிருந்தாங்களே, அதைக் கேட்டுட்டுத்தான் எனக்குப் புரையேறிப் போச்சு. சூனியக்காரி ஒருத்தி உன் ஆளைப் பிடிச்சுக்கிட்டா, அவனைப் பன்னியா மாத்திருவாளா, இல்ல மயக்கித் தனக்கு மாப்பிள்ளையா வச்சுக்கிடுவாளாங்கதை இந்தக் கரிஸ்மாவை வச்சு முடிவு பண்ணிக்கிடலாமாம். உங்க பாட்டிகிட்டப் போயி அந்த இடத்தை வாசிச்சுக் காட்டுனேன். "ரெண்டும் ஒண்ணுதானே, என்னத்துக்குத் தனித்தனியா எழுதியிருக்கான்?"னு கேட்டுட்டு அவ பாட்டுக்கு வத்தல் காயப்போடப் போயிட்டா.

அப்ப கரிஸ்மான்னா மூஞ்சியா, வாயா? இந்தச் சந்தேகம் அவங்களுக்கும் வந்திருக்கு. 1978-ல வந்த பெரிய பொஸ்தகத்துல, பாக்கதுக்கு இருக்க லெச்சணம், ஆளைப் பேசி வளைக்க திறமை, இழுக்க சக்தி, மூணும் சேந்ததுதான் கரிஸ்மான்னு எழுதுனாரு கைகாக்ஸ். மறுவருசம் 1979-ல இன்னொரு பொஸ்தகத்துல, கரிஸ்மான்னா அழகுன்னு மட்டும் நினைக்கவனுக்குச் சூடு வச்ச மாதிரி மூணு பேரை இழுத்து நிப்பாட்டுனாரு. ஜூலியஸ் சீசர், நெப்போலியன், ஹிட்லர். இவங்க மூணு பேரும் அழகுல பதினெட்டு வாங்குன ஆளா? இல்ல. ஆனா ஊரே பின்னால போச்சா? போச்சு. போயி நாசமாவும் போச்சு. அவ்வளவு தூரம் எதுக்குடே போகணும்? நம்ம நாகேஷை எடுத்துக்க. மூஞ்சி பூரா அம்மைத் தழும்பு, உடம்பு ஒட்டடைக்குச்சி. 1964-ல 'சர்வர் சுந்தரம்' வந்தப்ப தமிழ்நாடே அந்த மூஞ்சியைத்தானே டிக்கெட் வாங்கிப் பாத்துச்சு? அவருக்குப் பகடை உருட்டி அழகு அஞ்சுன்னு எழுதியிருந்தா, எழுதுனவன் மூஞ்சியிலதான் கரி.

இதுக்கு நடுவுல ஒரு கூத்து நடந்திருக்கு. பேத்தி, நீயும் இங்கிட்டு வா, இது உனக்குத்தான். 1976-ல 'டிராகன்'னு அவங்க பத்திரிகையோட மூணாவது இதழ்ல லென் லகோஃப்கான்னு ஒருத்தர் கட்டுரை எழுதுனாரு. பொம்பளைப் பாத்திரங்களை ஆட்டத்துக்குள்ள எப்படிக் கொண்டு வாரதுன்னு யோசனை. நல்ல யோசனைதான். ஆனா என்ன செஞ்சாரு தெரியுமா? ஆம்பளைக்குக் கரிஸ்மா, பொம்பளைக்கு அந்த இடத்துல அழகு. அதாவது ஆம்பளை பேசலாம், படை திரட்டலாம், ஆளை ஆளலாம். பொம்பளை நின்னாப் போதும், மத்தவன் பாத்துக்கிடுவான்.

இதைக் கேட்டதும், அட, அமெரிக்காவுலயும் நம்ம தரகு ஆபீசு திறந்துட்டாங்களான்னு நினைச்சேன். நான் போன வீட்டுலயெல்லாம் இதே சட்டம்தானே! மாப்பிள்ளை வீட்டுக்காரன் முதல்ல கேக்கது, "பொண்ணு எப்படி இருக்கும்?" பொண்ணு வீட்டுக்காரன் முதல்ல கேக்கது, "மாப்பிள்ளை என்ன செய்யுதாரு?" மாப்பிள்ளை எப்படி இருப்பாருன்னு கேட்ட பொண்ணை வாயாடிம்பாங்க. ஒரு வீட்டுல ஒரு பொண்ணு என் மஞ்சப்பையைப் பிடுங்கி, மாப்பிள்ளை போட்டோ எல்லாத்தையும் வரிசையாப் பாயில பரப்பி, சீட்டுக்கட்டு கலைக்க மாதிரி கலைச்சு, "இதுல எதுவும் தேறல தாத்தா"ன்னு திருப்பிக் குடுத்துச்சு. அதுதாண்டே ஞாயம். அதனால பேராண்டி, முதல் புத்திமதி இது. அழகுக்குப் பகடை போடணும்னு தோணுச்சுன்னா முதல்ல உன் குண்டு மந்திரவாதிக்குப் போடு. அடுத்து அந்தக் குள்ளன், அப்புறம் அந்தச் சத்திரத்துக்காரன். கடைசியில ராணிக்குப் போடு. ராணிக்கு மட்டும் போடணும்னா பகடையை எங்கிட்ட குடுத்துரு, நான் தாயத்துக்கு வச்சுக்கிடுதேன்.

இப்ப 1985-க்கு வா. கரிஸ்மாவுக்குள்ள கிடந்த அழகைத் தனியாப் பிரிச்சு, 'கம்லினெஸ்'னு ஏழாவது குணமா வச்சாரு கைகாக்ஸ். பொஸ்தகம் பேரு 'அன்எர்த்டு ஆர்க்கானா'. மூணு பகடை உருட்டணும். கரிஸ்மா கூடக் குறைய இருக்கதுக்குத் தக்கன அழகும் ஏறும், இறங்கும். எல்ஃபுக்குக் கூட்டணும், பாதி ஆர்க்குக்குக் கழிக்கணும். எண்ணு சுழியத்துக்குக் கீழயும் போகுமாம். அப்படிப் போனா பாத்தவன் அருவருத்து ஓடுவானாம். மேல இருபதைத் தாண்டிருச்சுன்னா, பாக்கவனோட விவேகம் குறைச்சலா இருந்தா மயங்கிப் பின்னாலயே போயிருவானாம்.

இந்தக் கடைசிச் சட்டம் இருக்கே, இதை அந்த மனுசன் எங்கருந்து எடுத்தாரோ தெரியல, நமக்கு இது பழங்கணக்கு. பாற்கடல்ல அமிர்தம் வந்துச்சு. பெருமாள் மோகினியா வந்து நின்னாரு. அசுரன் அத்தனை பேரும் அமிர்தத்தை விட்டுட்டு ஆட்டத்தைப் பாத்துக்கிட்டு நின்னான். விவேகம் குறைச்சல், பகடை தோத்துச்சு, சரி. ஆனா அடுத்தாப்புல யாரு தோத்தது? சிவபெருமான்! எல்லாம் தெரிஞ்சவரு, மன்மதனையே எரிச்சவரு. அவரு விவேகம் என்ன எட்டா, ஒம்பதா? அவரும் மோகினி பின்னால போனாரு. அப்படித்தான் நம்ம சாஸ்தா பொறந்தாரு. பங்குனி உத்திரத்துக்கு வண்டி பிடிச்சுச் சாஸ்தா கோயிலுக்கு ஓடுதோமே, ஒரு பகடை தப்பா விழுந்ததுக்குத்தாம்லே அந்தப் பொங்கல்! ஆகப் புத்திசாலின்னா அழகுல மயங்கமாட்டான்னு சட்டம் எழுதாத. நான் பாத்த வரைக்கும் வாத்தியாரும் வக்கீலும்தான் போட்டோவைக் கூட ரெண்டு நாளு வச்சுக்கிட்டுத் திருப்பித் தந்தான். சம்சாரி உடனே முடிவு சொல்லிருவான்.

சரி, எல்ஃபுக்குக் கூட்டல், ஆர்க்குக்குக் கழித்தல்னியே, அதை யாரு கண்ணுல வச்சுக் கூட்டப் போற, கழிக்கப் போற? ஆர்க்குப் பிள்ளையோட ஆத்தாகிட்டப் போயி, உன் மகன் அழகுல குறைச்சல்னு சொல்லிப் பாரு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு சொன்னவன் என்ன பைத்தியக்காரனா? எங்க தொழில்ல இதுதான் முதல் பாடம். ஒரே பொண்ணு, ஒரு வீட்டுக்கு மாநிறம், இன்னொரு வீட்டுக்குக் கறுப்பு, மூணாவது வீட்டுக்கு மகாலட்சுமி. பொண்ணு மாறல, வீடுதான் மாறுச்சு. குட்டையை அடக்கமான உயரம்னும், வழுக்கையை ஏறு நெத்தின்னும், தொந்தியைச் செல்வாக்குன்னும் சொல்லிச் சொல்லியே நான் நாலு தலைமுறைக்கு வம்சம் வளத்திருக்கேன். நான் பொய் சொல்லல பேராண்டி. பாக்கவனுக்குக் கண்ணை வாடகைக்குக் குடுத்தேன், அவ்வளவுதான். நம்ம ஊரு விசைத்தறிச் சேலை கடைக்குள்ள ட்யூப்லைட்டு வெளிச்சத்துல ஒரு நிறம் காட்டும், ரதவீதி வெயிலுக்கு வந்தா வேற நிறம் காட்டும். அதுல எது சேலையோட நிறம்னு எண்ணு போட்டுச் சொல்லிருவியா நீ?

இந்தச் சூட்சுமம் பிடிபட்ட ஒரே பொஸ்தகம் உங்கிட்ட இருக்க அந்த 'கர்ப்ஸ்'தான். 2004-ல வந்த நாலாம் பதிப்புன்னு சொன்ன. அதுல பகடை கிடையாது, காசு குடுத்து வாங்கணும். அழகுன்னா 12 புள்ளி, ரொம்ப அழகுன்னா 16. அந்த 12 புள்ளி அழகு, உன் பாலினத்து மேல ஆசை வைக்கவனுக்கு முன்னால நாலு மார்க்குக் கூடுதலா வாங்கித் தரும், மத்தவனுக்கு முன்னால ரெண்டுதான். பாத்தியா, ஒரே மூஞ்சி, ரெண்டு மார்க்கு! அதோட உன் அழகு மனுசனுக்கு மனுசன்தான் செல்லும். வேத்து இனத்தானுக்கும் எடுபடணும்னா கால்பங்கு கூடுதலாக் காசு கட்டணும். வெளியூரு வரன்னா நானும் அப்படித்தான் தரகைக் கூட்டுவேன். கூடவே ஒரு எச்சரிக்கையும் எழுதியிருக்கான். 16 புள்ளி அழகு இருந்தா வேண்டாத பயலுக தொல்லையும் வரும்னு. பேத்தி தலையை ஆட்டுதா பாரு. அவளுக்குப் பொஸ்தகம் வாசிச்சுத் தெரிய வேண்டியதில்ல, பஸ் ஸ்டாண்டுல நின்னாப் போதும்.

ரெண்டாவது புத்திமதி, இதை முடிச்சு போட்டு வச்சுக்க. அழகை ஆளோட தாள்ல எழுதாத. பாக்கவன் தாள்ல எழுது. ராணி அழகு பதினெட்டுன்னு எழுதுததுக்குப் பதிலா, வாசல்ல நிக்க காவக்காரன் ராணியைப் பாத்தா என்ன நினைப்பான், கூனிக்கிழவி பாத்தா என்ன நினைப்பா, எதிரி ராசா பாத்தா என்ன நினைப்பான்னு மூணு வரி எழுது. நம்ம கோயில் கதையே அதுதானே. சங்கன், பதுமன்னு ரெண்டு நாகராசாக்கள். சங்கன் சிவன் பெருசும்பான், பதுமன் பெருமாள் பெருசும்பான். சண்டை தீரல. கோமதியம்மன் புன்னை வனத்துல ஒத்தக்காலுல தவசு இருந்தா. சாமி வந்து நின்னாரு. வலது பாதி சிவன், இடது பாதி பெருமாள். சங்கரநாராயணர். ஆடித்தபசு அன்னைக்குத் தெற்கு ரதவீதியில லட்சம் சனம் நெருக்கியடிச்சுப் பாக்குதே, அந்தக் காட்சி. சங்கனுக்குச் சடைமுடி தெரிஞ்சிருக்கும், பதுமனுக்குக் கிரீடம் தெரிஞ்சிருக்கும். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே எண்ணு போடச் சொன்னா எந்தப் பாதிக்குடே போடுவ? சாமியே போடல. நீ போடப் போறியாக்கும்.

மூணாவது, அழகுக்கு ஆயுசு குறைச்சலா வை. இதுக்கு நான் ரொம்ப ரசிச்ச சட்டம் அந்தப் பேய்க்கதை ஆட்டத்துல இருக்கு, 'கால் ஆஃப் கதுலு'. 1981-ல வந்தது. அதுல மூஞ்சிக்குன்னு தனி எண்ணு உண்டு. ஏழாம் பதிப்புல ஒரு வழி சொல்லியிருக்கான். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் உன் ஆளை மொதமொதல்ல பாக்கான்னு வை. அவன் எப்படி நடந்துக்கிடுவாங்கதுக்கு, உன் ஆளோட அழகு எண்ணு, உன் ஆளோடயே பணவசதி எண்ணு, ரெண்டுல எது பெருசோ அதுக்குப் பகடை போடலாமாம். ரெண்டுல எது பெருசோ! அடேயப்பா, இதை எழுதுனவன் கண்டிப்பா எங்கயோ ரகசியமாத் தரகு பாத்திருக்கான். மாப்பிள்ளைக்கு மூஞ்சி இல்லன்னா முக்கு ரோட்டுல மூணு கடை இருந்தாப் போதும்கது சங்கரன்கோவில் சட்டம்னுல்ல நான் இத்தனை நாளா நினைச்சிருந்தேன்!

அதுல இருக்க ஞாயம் என்னன்னா, அந்தப் பகடை மொதப் பார்வைக்கு மட்டும். அதுக்கப்புறம் ஆளு வாயைத் திறக்கணும், கையால ஏதாவது செய்யணும். நளன் கதையை எடுத்துக்க. உங்க ஆட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான கதை உலகத்துலயே கிடையாது. பகடையில நாட்டைத் தோத்தான். பொண்டாட்டியைக் காட்டுல விட்டுட்டுப் போனான். தீயில சிக்குன கார்க்கோடகன்னு ஒரு பாம்பைக் காப்பாத்தப் போயி, அது கடிச்சு மூஞ்சி விகாரமாப் போச்சு. பாம்புக் கோயில் ஊர்க்காரனுக்கு இதை நான் விளக்க வேண்டாம். அழகு எண்ணு ஒரே கடியில பதினெட்டுல இருந்து மூணுக்கு இறங்கிட்டு. ஆனா என்ன இறங்கல? தேரோட்டுத கையி இறங்கல. அடுப்படிக் கைப்பக்குவம் இறங்கல. பாகுகன்னு பேரை மாத்திக்கிட்டு அயோத்தி ராசா ருதுபர்ணன்கிட்ட வேலைக்குச் சேந்தான். கடைசியில தமயந்தி அவன் சமைச்சதை வாங்கி ருசி பாத்துத்தான் ஆளைக் கண்டுபிடிச்சா. அழகுல மயங்கிச் சுயம்வரத்துல மாலை போட்டவ, அழகு போனப்புறம் குழம்புல கண்டுபிடிச்சா. அதனால எவனாவது, "என் ஆளு அழகு, அதனால ராசா எனக்குப் பாதி ராச்சியம் குடுக்கணும்"னு சாதிச்சான்னா, நீ சொல்லு: வாசல் திறந்தாச்சு தம்பி, உள்ள வந்து குழம்பு வையி, பாப்போம்.

நாலாவது, விகாரத்துக்கும் மதிப்புக் குடு. அந்த கர்ப்ஸ் பொஸ்தகத்துல அழகுக்குக் காசு கட்டணும்ல, அசிங்கமா இருந்தா 8 புள்ளி திரும்பக் கிடைக்கும், அகோரமா இருந்தா 16. அந்தப் புள்ளியை வச்சு வேற வித்தை வாங்கிக்கிடலாம். நம்ம ஔவையார் செஞ்சது இந்த யாவாரம்தான். கல்யாணப் பேச்சு வந்ததும் பிள்ளையார்கிட்ட இளமையைக் குடுத்துட்டுக் கிழவி வேசத்தை வாங்கிக்கிட்டா. ராசா வீட்டுக்குள்ள ஒத்தையில நுழைஞ்சு அவனுக்கே புத்தி சொல்லுத உரிமை அதோட இலவசமா வந்துச்சு. காரைக்கால் அம்மையார் இன்னும் பெரிய கை. புருசங்காரன் பயந்து ஓடி, நம்ம பாண்டி நாட்டுலதான் வந்து வேற குடும்பம் நடத்துனான். அவ தேடி வந்ததும் பொண்டாட்டி காலுலயே விழுந்தான். இனிமே எனக்கு எதுக்கு இந்த அழகுன்னு தசையை உதறிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்குனா. தலையால நடந்து கயிலாயம் போனா. சிவன் "அம்மையே"ன்னு கூப்பிட்டாரு. பதினாறு புள்ளிக்கு அதைவிட லாபம் எவன் பாத்தான்?

ஆனா புள்ளியை வாங்கிக்கிட்டு ஏமாத்துத பயலுகளும் இருப்பான், சூதானம். உன் சேக்காளி அந்த ஒல்லிப்பய, அகோரம்னு எழுதிப் பதினாறைச் சுருட்டிட்டு, அடுத்த நிமிசமே ராசகுமாரிகிட்டப் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கான். அகோரம்னா என்னன்னு அவனுக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் கதையைச் சொல்லு. தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில 1867-ல பொறந்தவரு. நாடகத்துல சனீசுவரன் வேசம் கட்டிட்டு, விடியக்காலம் வேசத்தைக் கலைக்கப் போனவரைப் பாத்துப் பயந்து ஒரு பொம்பளைக்குப் பெரிய வினையாப் போச்சுன்னும், அதோட அவரு வேசம் கட்டுததையே விட்டுட்டு நாடகம் எழுதவும் சொல்லிக்குடுக்கவும் போயிட்டாருன்னும் நாடகக்காரங்க சொல்லுவாங்க. சுழியத்துக்குக் கீழ எண்ணு வாங்குன ஆளுக்கு அந்த மனசு வேணும்டே. தன் மூஞ்சி அடுத்தவனை என்ன செய்யுதுங்கதை அவனும் சுமக்கணும். சுமக்கமாட்டேன்னா புள்ளியைத் திரும்ப வை.

'வாம்பயர்'னு 1991-ல ஒரு ஆட்டம் வந்துச்சே, அதுல நொஸ்ஃபெராட்டுன்னு ஒரு ரத்தக்காட்டேரிக் குலம். அவங்களுக்கு அழகு சுழியம். என்ன செஞ்சாலும் ஏறாது. ஆனா ஆளு கண்ணுல படாம மறைவா நிப்பாங்க, ஊரு ரகசியமெல்லாம் அவங்க காதுல இருக்கும், அதை வித்துப் பிழைப்பாங்க. அதைக் கேட்டதும் எனக்குச் சொந்தக்காரங்களைப் பாத்த சந்தோசம். தரகனுக்கு எதுக்குடே மூஞ்சி? காது போதும்.

பொறவு காலம் மாறிட்டு. அந்த ரத்தக்காட்டேரிக்காரனே 2004-ல புது ஆட்டம் போட்டப்ப அழகு எண்ணைத் தூக்கிட்டான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் 2014-ல வந்த அஞ்சாம் பதிப்புல, கரிஸ்மான்னா தன்னம்பிக்கை, பேச்சு, ஆளை ஆளுத தோரணைன்னு எழுதி, மூஞ்சிக் கணக்கை விட்டுட்டான். நல்லதுதான். ஆனா சட்டத்துல இல்லன்னா சபையிலயும் இல்லன்னு ஆயிருமா? நீ நேத்து ஆட்டம் சொல்லும்போது கேட்டேனே. சத்திரத்துல பொம்பளை வந்தா "அழகான பொண்ணு", ஆம்பளை வந்தா "தாடி வச்ச கொல்லன்". அவ என்ன வேலை செய்யுதான்னு கடைசி வரைக்கும் நீ சொல்லவே இல்ல. எண்ணை அழிச்சுட்ட, பழக்கத்தை அழிக்கல. அழகுன்னு ஒத்த வார்த்தையில முடிக்காத. அவ சிரிச்சா ஒரு பக்கம் உதடு கோணும்னு சொல்லு. காதுல தண்டட்டி போட்டிருந்த ஓட்டை தெரியும்னு சொல்லு. கொல்லனுக்கும் சொல்லு, அவன் கைமயிரு பொசுங்கியிருக்கும், நடந்தா இடதுகாலு இழுக்கும்னு. சாடையைச் சொல்லிட்டு விட்டுரு. அழகா இல்லையாங்கதைக் கேக்கவன் முடிவு பண்ணட்டும். நான் போட்டோவைக் குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்த வீட்டுலதான் சம்பந்தம் வெரசா முடிஞ்சிருக்கு.

அஞ்சாவது ஒண்ணு, இதுல விளையாட்டே கிடையாது. அழகு முப்பது இருக்கட்டும், பேச்சு நாப்பது இருக்கட்டும், எதிராளி மாட்டேன்னு சொல்லிட்டா அங்கன முடிஞ்சுச்சு. மறுபகடை கிடையாது. பாத்திரம் சொன்னாலும் சரி, அந்தப் பாத்திரத்தை ஆடுத உன் தங்கச்சி சொன்னாலும் சரி. நான் எத்தனையோ வீட்டுல தாம்பாளத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். பொண்ணுக்குப் பிடிக்கலன்னா பஸ் ஏறிரணும். ஏறாம நின்னு, ஒரு தடவை யோசிச்சுச் சொல்லுங்கன்னு இழுக்க தரகனுக்கு அடுத்த வரனே கிடைக்காது.

சரி, இம்புட்டு நேரம் பேசியாச்சு, தொண்டை வறண்டு போச்சு. எனக்கும் ஒரு தாள் எடு. அழகு நாலு போட்டுக்க, மிச்சப் புள்ளியெல்லாம் வாய்க்கும் காதுக்கும். கத்தி வேண்டாம், குடை போதும். நீங்க டிராகனைக் கொல்லக் குகைக்குள்ள போகும்போது நானும் பைய பின்னால வாரேன். நீங்க வாளை உருவுததுக்குள்ள நான் அதுகிட்ட, "அம்மாடி, இம்புட்டுத் தங்கத்து மேல இப்படித் தன்னந்தனியாப் படுத்துக் கிடக்கியே, மேக்க மலையில உனக்குத் தோதா ஒரு வரன் இருக்கு, நல்ல குடும்பம், நெருப்பும் நல்லாக் கக்கும்"னு பேச்சைப் போட்டிருவேன். அதுக்கு எந்தப் பகடையை உருட்டணும்னு உன் பொஸ்தகத்துல தேடி வை, இல்லன்னா நீயா ஒரு சட்டம் எழுதிக்க. தரகை மட்டும் குறைச்சுறாத. தங்கத்துல நூத்துக்கு ரெண்டு, ரெண்டு பக்கமும்.